மூடாமலே மாறும் நிலையம்: பரங்கிமலை

புறநகர் ரயில் நிலையம் ஒன்றை மேம்படுத்த முற்படும் பொறியாளருக்கு எதிர்ப்படும் முதல் இடையூறு, அந்த நிலையத்தை ஒரு நாள்கூட மூட இயலாது என்பதாகும். பேருந்து நிலையத்தைத் தற்காலிகமாக ஒரு மைதானத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் கட்டடம் எழுப்பலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே புதிய முனையம் கட்டி முடித்தபின் பழையதை அடைத்துவிடலாம். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வந்து நின்று நூற்றுக்கணக்கானோரை இறக்கியும் ஏற்றியும் செல்லும் நடைமேடைக்கு மாற்றிடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே இத்தகைய நிலையங்களில் எந்தப் பணியும், கடைசி வண்டி போனபின் முதல் வண்டி வரும் வரையிலான நள்ளிரவு மணிநேரங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சேவையைக் குறைத்துப் பெறும் சிறு இடைவெளிகளிலும், துண்டு துண்டாகவே நடைபெறுகிறது. தண்டவாளத்தில் வண்டி ஓட்டத்தையும் மேலே செல்லும் கம்பியில் மின்சாரத்தையும் குறிப்பிட்ட நேரம் நிறுத்திக் கொடுப்பதை ரயில்வே ஊழியர்கள் ‘பிளாக்’ என்பார்கள். ஒரு நிலையம் எத்தனை ஆண்டுகளில் மாறும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த பிளாக் எவ்வளவு நேரத்துக்குக் கிடைக்கிறது என்பதே.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் பாதையில், கிண்டிக்கும் பழவந்தாங்கலுக்கும் இடையே அமைந்த பரங்கிமலை நிலையம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். மேற்கே ஜி.எஸ்.டி. சாலையும் இராணுவக் குடியிருப்புப் பகுதியும், கிழக்கே ஆதம்பாக்கமும் அமைய, நடுவில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கும் இந்நிலையம், மீட்டர்கேஜ் காலத்துச் சிறு நிறுத்தமாக இருந்து, இன்று புறநகர் ரயில், மெட்ரோ ரயில், தூண்களின் மேல் செல்லும் பறக்கும் ரயில் என்ற மூன்று அமைப்புகளுக்கும் ஒரே இடத்தில் வழிவிடவேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இம்மாற்றங்களில் எவையும் முழு நிலையத்துக்கும் ஒரே திட்டமாக வரைந்து செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு காலத்திலும் வண்டி மாறியது, அந்த வண்டிக்கு ஏற்ப நடைமேடை மாறியது, மக்கள் நடந்து செல்லும் வழி மட்டும் எப்போதும் கடைசியாக மாறியது.

தென்னிந்திய ரயில்வே என்ற நிறுவனத்தின் கையில் இருந்த இந்தப் பாதை, தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி உடைய மீட்டர்கேஜ் பாதையாக இருந்தது. பம்பாயில் 1925-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சென்னையும் அதைப் பின்பற்றியது. 1931 ஏப்ரல் 2 அன்று கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் சேவையை அன்றைய ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதையில் மின்சாரம் புகுந்தது இதுவே முதன்முறை. நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டி நின்று கிளம்பி வேகம் பிடிக்க நேரமாகும் என்பதால் நிறுத்தங்களை நெருக்கமாக வைக்க முடியாது. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டவும் வேண்டும். மின்தொடர் வண்டி எனப்படும் புறநகர் மின்சார ரயிலிலோ, பெட்டிகளுக்கடியிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டு, இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், வண்டி விரைவில் வேகம் எடுக்கிறது, வந்த முகமாகவே திரும்பியும் செல்கிறது. இன்று ஒரு கிலோமீட்டருக்கும் இரண்டு கிலோமீட்டருக்கும் ஒரு நிறுத்தம் என்று இந்தப் பாதை அமைந்திருப்பதற்கும், சைதாப்பேட்டைக்குத் தெற்கே கிராமங்களாக இருந்தவை நகரின் பகுதிகளாக ஆனதற்கும் இந்த எளிய இயந்திர வேறுபாடே அடிப்படை எனலாம்.

முதலில் கொடுக்கப்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். மின்னழுத்தம் குறைவாக இருந்தால் அதே திறனைக் கொண்டுசெல்ல அதிக மின்னோட்டம் தேவைப்படும். அதற்குக் கனமான கம்பியும், குறைந்த தொலைவுக்கு ஒரு துணை மின்நிலையமும் வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தன் பொது முறையாக ஏற்றுக்கொண்டபோது, 1960-களில் சென்னைப் பாதையும் அதற்கு மாற்றப்பட்டது. பயணியின் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் என்று இதைக் கருதத் தோன்றும். உண்மையில் நிலையத்தின் உருவத்தில் இதன் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உயர் மின்னழுத்தக் கம்பிக்கும் அதன் அருகிலுள்ள எந்தக் கட்டுமானத்துக்கும் இடையே போதிய இடைவெளி விடவேண்டும் என்பதால், தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலத்தை அதற்கேற்ப உயர்த்தியாக வேண்டும். அகலப்பாதையில் அந்த உயரம் தண்டவாள மட்டத்திலிருந்து ஆறு மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், நடைமேடையிலிருந்து பாலத்தின் தளத்தை அடைய ஏறக்குறைய 40 படிகள் ஏறவேண்டும், மறுபுறம் அத்தனை படிகள் இறங்கவேண்டும். தலைக்கு மேல் கம்பி செல்வதற்கான விலையை முழங்கால்கள் கொடுக்கின்றன. சுரங்கப்பாதை அமைத்தால் மனிதர் தலை இடிக்காத உயரம் போதும் என்பதால் படிகள் பாதியாகக் குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சுரங்கப்பாதைகள் என்ன ஆகின்றன என்பதை நகரவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. படி ஏறச் சோம்பித் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கிறார்கள் என்று பயணிகள் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டில் பாதி, இந்த 40 படிகளின் கணக்கைச் சேர்ந்தது.

அடுத்த பெரிய மாற்றம், மீட்டர்கேஜிலிருந்து 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு மாறியதாகும். 1990-களில் தொடங்கி, சில ஆண்டுகள் இருவகைத் தண்டவாளங்களும் அருகருகே இயங்க, 2004-ஆம் ஆண்டு ஜூலையில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் தன் கடைசி ஓட்டத்தை முடித்துக்கொண்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து அகலமாகப் போடுவது இதில் எளிய பகுதியே. கடினமானது, அகன்ற வண்டி உரசாமலும் பயணியின் கால் நழுவாமலும் நடைமேடையின் விளிம்பை மறுபடி அமைப்பது. அகலப்பாதையில், தண்டவாளங்களின் நடுக்கோட்டிலிருந்து நடைமேடையின் விளிம்பு 1,670 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1,680 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருக்கவேண்டும் என்பது விதி. கால் கிலோமீட்டர் நீளமுள்ள கல் விளிம்பு முழுவதிலும் அனுமதிக்கப்படும் வேறுபாடு பத்தே மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு. உயரத்திலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு: உயர்மட்ட நடைமேடை என்பது தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும்.

இந்த உயரம் ஏன் இதற்கு மேல் போகக்கூடாது என்ற கேள்வி இயல்பாகவே எழும். சென்னைப் புறநகர் வண்டியின் பெட்டி ஏறத்தாழ 3.66 மீட்டர் அகலமுடையது. விரைவு ரயில் பெட்டியோ ஏறத்தாழ 3.25 மீட்டர்தான். புறநகர்ப் பெட்டியின் கீழ்ப்பகுதி ஒடுங்கியும் மேற்பகுதி விரிந்தும் இருப்பதால், நிலையத்தில் நிற்கும்போது அதன் உடல் நடைமேடை விளிம்புக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடைமேடையை விருப்பம்போல உயர்த்தினால் இந்த நீட்சி கல்லில் மோதும். எனவே பெட்டியின் தளம் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்க, நடைமேடை அதைவிட ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்தே நிற்கிறது. அந்த உயரத்தைத்தான் சேலை கட்டிய பெண்ணும், மூட்டுவலி உள்ள முதியவரும், சாப்பாட்டுப் பையும் குழந்தையும் சுமந்தவரும் அரை நிமிட நிறுத்தத்துக்குள் ஏறிக் கடக்கவேண்டியிருக்கிறது. மும்பையில் 2014-ஆம் ஆண்டு காட்கோபர் நிலையத்தில் ஒரு மாணவி இந்த இடைவெளியில் விழுந்து இரு கைகளையும் இழந்தபின், நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, அங்குள்ள நடைமேடைகள் 900 மில்லிமீட்டருக்கு உயர்த்தப்பட்டன. பழைய வரம்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆறு சென்டிமீட்டர்தான்.

நடைமேடையை ஒருமுறை உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் உள்ள சரளைக்கற்கள் வண்டிகளின் அதிர்வில் அமுங்கி நொறுங்குவதால், அவ்வப்போது புதிய சரளை கொட்டி, இயந்திரத்தால் தண்டவாளத்தைத் தூக்கி இறுக்குவார்கள். ஒவ்வொரு முறையும் தண்டவாளம் சிறிது உயர்கிறது, வண்டியும் அதனுடன் உயர்கிறது, அசையாமல் இருக்கும் நடைமேடை மட்டும் ஒப்பீட்டளவில் தாழ்ந்துபோகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பயணிகள், முன்பு இவ்வளவு உயரமாக இல்லையே என்று வியப்பது வெறும் வயதின் குறை அன்று.

நீளத்தின் கதை வேறு. கூட்டம் பெருகும்போது வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அது ஓரளவுக்கு மேல் இயலாதபோது வண்டியின் நீளத்தைக் கூட்டவேண்டும். ஒன்பது பெட்டிகளோடு ஓடிய வண்டிகள் இவ்வழியில் படிப்படியாகப் பன்னிரண்டு பெட்டிகளாக்கப்பட்டன. ஒரு பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர் என்பதால், 190 மீட்டருக்குள் அடங்கிய வண்டி 250 மீட்டரைத் தாண்டியது. ஒவ்வொரு நிலையத்திலும் நடைமேடையை 60 மீட்டருக்கு மேல் நீட்டவேண்டி வந்தது. அந்த 60 மீட்டருக்குள் சிக்னல் கம்பமோ, தண்டவாளம் கிளை பிரியும் இடமோ, லெவல் கிராசிங்கோ, வளைவோ குறுக்கிடலாம். ஒரு நிலையத்தில் நீட்ட முடியாவிட்டால் பாதை முழுவதிலும் நீண்ட வண்டி ஓட முடியாது என்பதால், மிகச்சிறிய நிறுத்தத்தின் இடநெருக்கடியே அறுபது கிலோமீட்டர் பாதையின் கொள்ளளவை நிர்ணயித்துவிடுகிறது. மேலும் நடைமேடை நீண்ட அளவுக்குப் படிக்கட்டுகள் பெருகவில்லை. பழைய மேம்பாலம் பழைய இடத்திலேயே நிற்க, கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவர் அதை நோக்கி மொத்தக் கூட்டத்தோடு நடக்கிறார். படிக்கட்டுக்கு எதிரே வந்து நிற்கும் பெட்டியில் மட்டும் மூச்சுமுட்டும் நெரிசலும், மற்றவற்றில் ஓரளவு இடமும் இருப்பது இதனால்தான். அனுபவமுள்ள சீசன் டிக்கெட் பயணிகள் எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதை இறங்கும் நிலையத்தின் படிக்கட்டை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

பரங்கிமலையின் பெயர் நாடெங்கும் செய்தியில் அடிபட்டது ஒரு கொடிய காலைப்பொழுதில். 2018 ஜூலை 24 அன்று, மின்கம்பிக் கோளாறு காரணமாக, கடற்கரையிலிருந்து திருமால்பூருக்குச் சென்ற புறநகர் வண்டி, வழக்கமான மெதுவழிப் பாதையை விட்டு விரைவு ரயில்கள் செல்லும் பாதையில் திருப்பிவிடப்பட்டது. முந்தைய சேவைகள் தடைப்பட்டிருந்ததால் வண்டி நிரம்பி வழிந்தது. வாயிற்படிகளில் பலர் தொங்கிக்கொண்டு வந்தனர். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த கான்கிரீட் தடுப்புச் சுவரில் அவர்கள் அடிபட்டு விழ, சிலர் உயிரிழந்தனர். ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை நடைபெற்றது. படியில் தொங்கியது பயணிகளின் தவறு என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. எனினும், அந்தச் சுவரே மக்கள் தண்டவாளத்தைக் கடந்துவிடாமல் தடுப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு என்பதையும், பெரும்பாலும் ஒடுங்கிய விரைவு ரயில்களே செல்லும் பாதை அது என்பதையும் நினைத்துப் பார்த்தால், நிலையத்தின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வண்டிக்காக, எந்தக் கூட்டத்துக்காகத் திட்டமிடப்பட்டதோ அது மாறும்போது, பாதுகாப்பாக இருந்ததே ஆபத்தாக மாறக்கூடும் என்பது விளங்கும். மேம்பாலம் கடக்கச் சிரமமாக இருந்ததால் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினர். அவர்களைத் தடுக்கச் சுவர் எழுந்தது. சுவர் வேறொரு நாளில் வேறு சிலரின் உயிரைப் பறித்தது.

இதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், மும்பை எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் மாண்டிருந்தனர். அதுவரை ரயில்வேயின் கணக்கில் நடைமேம்பாலம் என்பது இருக்கை, குடிநீர்க் குழாய், மின்விசிறி ஆகியவற்றைப் போல ‘பயணிகள் வசதி’ என்ற தலைப்பில் அடங்கியிருந்தது. நிதி மிஞ்சினால் செய்து தரப்படும் இனம் அது. நெரிசல் நடந்த மறுநாளே அதை நிலையத்துக்குக் கட்டாயத் தேவை என்று வகை மாற்றினார்கள். ஒரு கணக்குத் தலைப்பு மாறுவதற்கு இத்தனை உயிர்கள் தேவைப்பட்டிருக்க வேண்டாம். நிலையங்களைத் தரம் பிரிக்கும் முறையும் ஏறத்தாழ அக்காலத்தில் திருத்தப்பட்டு, வருமானத்தோடு பயணிகளின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்பட்டது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சீட்டு வாங்குவோர் ஆயிரக்கணக்கில் வந்தாலும் வருமானப் பட்டியலில் கீழே நின்ற புறநகர் நிலையங்களுக்கு இது நியாயமான திருத்தமாகும்.

பயணச்சீட்டு முறையில் நடந்த மாற்றம் மற்றவற்றைவிட வேகமானது, செலவும் குறைந்தது. தேதி அச்சடித்துத் தரப்பட்ட தடித்த அட்டைச்சீட்டு மறைந்து கணினிச்சீட்டு வந்தது. பின்னர்த் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. 2015 ஏப்ரலில் எழும்பூர் – தாம்பரம் பாதையில்தான் காகிதமே இல்லாத முன்பதிவற்ற கைபேசிச் சீட்டு சோதனை முறையாகத் தொடங்கப்பட்டது. வண்டியில் ஏறியபின் பரிசோதகரைக் கண்டதும் சீட்டு எடுக்கும் தந்திரத்தைத் தடுக்க, தண்டவாளத்திலிருந்து குறிப்பிட்ட தூரம் விலகி நின்றால்தான் செயலி சீட்டு வழங்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர் சீட்டு எடுப்பதற்காகத் தள்ளிப்போய் நிற்க நேர்ந்ததை அதன் பக்கவிளைவு எனலாம்.

மெட்ரோ ரயில் 2016 அக்டோபரில் பரங்கிமலையை எட்டியபோது, இரண்டு காலங்களின் கட்டுமானக் கொள்கைகள் ஒரே இடத்தில் எதிரெதிரே நின்றன. மேலே மெட்ரோ நடைமேடையில் பெட்டியின் தளமும் மேடையின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. கதவுகள் தாமே திறந்து மூடுகின்றன. தரைமட்டத்திலிருந்து மேலே செல்ல மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் உண்டு. கீழே புறநகர் நடைமேடையில் திறந்த வாயில்களோடு வண்டி வருகிறது. வண்டியையும் நிலையத்தையும் ஒரே கையால், ஒரே சமயத்தில் வரைந்தவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு, எழுபது எண்பது ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒப்பிடும்போது மறந்துவிடலாகாது. மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். ஆக, மூன்று அளவுத் தண்டவாளங்களைக் கண்ட இடம் பரங்கிமலை. இவ்வேறுபாட்டால் ஒன்றின் வண்டி மற்றொன்றின் பாதையில் ஓட முடியாது என்பதால், பயணிதான் இறங்கி நடந்து மாறவேண்டும்.

மூன்றாவது அமைப்பான பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை அடைந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு 2008-இல் பணி தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் அளவிலான நிலத்தைக் கையகப்படுத்துவது குறித்த வழக்குகளால், இருபுறமும் எழுந்த தூண்கள் நடுவில் இணையாமல் பல ஆண்டுகள் நின்றன. பரங்கிமலையில் மெட்ரோ நடைமேடைக்குக் கீழ்த்தளத்தில் பறக்கும் ரயிலுக்கென்றே இடம் ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்க, வரவேண்டிய பாதை வராமல் அத்தளம் வெறுமனே காத்துக்கிடந்தது. நிலையம் பாதைக்கு முன்னதாகவே ஆயத்தமாகிவிட்ட அரிய நிகழ்வு இது. பொதுவாக இதற்கு நேர்மாறாகவே நடக்கும்.

‘அம்ரித் பாரத்’ நிலையத் திட்டத்தின்கீழ் புதுப்பிக்கப்பட்ட 103 நிலையங்கள் 2025 மே 22 அன்று திறந்துவைக்கப்பட்டபோது, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்பதில் பரங்கிமலையும் ஒன்றாக இருந்தது. ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவண்ணாமலை முதலிய கோயில் நகரங்களின் நிலையங்களோடு அன்றாடம் அலுவலகம் செல்வோரின் நிலையம் ஒன்றும் அப்பட்டியலில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. ஆனால் இவ்விருவகை நிலையங்களின் தேவைகள் ஒன்றல்ல. வெளியூர்ப் பயணி வண்டிக்கு அரைமணி முன்பே வந்து காத்திருப்பவர். அவருக்கு முகப்பும் காத்திருப்புக் கூடமும் வாகன நிறுத்துமிடமும் பயன்படும். புறநகர்ப் பயணி நிலையத்தில் தங்கும் நேரம் சில நிமிடங்களே. அவருக்கு வேண்டியது அகன்ற படிக்கட்டு, மழைக்கு ஒதுங்கக் கூரை, நழுவாத தரை, பழுதின்றி இயங்கும் மின்தூக்கி, இருபுறச் சாலைகளுக்கும் நேரான வழி. முகப்பு வளைவுகளைப் படம் பிடிக்கலாம், கூரையின் நீளத்தைப் படம் பிடிப்பவர் யாருமில்லை என்பதால், நிதி எந்தப் பக்கம் சாயும் என்ற ஐயம் எழுவது இயல்பே. பார்வையற்றோர் வழியறிய நடைமேடையில் பதிக்கப்படும் புடைத்த மஞ்சள் ஓடுகளைப் போன்ற சிறிய ஏற்பாடுகள், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின் தவிர்க்க முடியாதவையாகிவிட்டமை நல்ல காரியம்.

அதே 2025-ஆம் ஆண்டின் ஏப்ரலில் கடற்கரை – செங்கற்பட்டு வழியில் குளிர்சாதனப் புறநகர் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் கதவுகள் தாமே மூடிக்கொள்வதால் படியில் தொங்க இடமில்லை. ஆனால் கதவு மூடும் வண்டிக்கு ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் நேரம் கறாராகக் கணக்கிடப்படவேண்டும், கடைசி நொடியில் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே செல்லாது. செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் ‘சென்னை ஒன்’ அறிமுகமானது. இதனால் பரங்கிமலையில் மாறுபவர் இனி இரண்டு வரிசைகளில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் மெட்ரோவின் தானியங்கிக் கதவைத் தாண்டி வெளியே வந்து, புறநகர் நடைமேடையைத் தேடிப் படியேறி இறங்கும் நடை அப்படியேதான் இருக்கிறது.